ஓடிப்போனவர் என்று சொல்லப்பட்ட பூட்டனார்: ஒரு குடும்பத் தேடலின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரை மாவட்டத்தில், திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம் இது. அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊர், பெயர், சர்வே எண் எதையும் குறிப்பிடவில்லை. நான் பத்திரம் எழுதும் தொழிலில் இருந்தவன். பழைய பத்திரங்களைப் படித்துச் சொல்லும்படி பலர் வருவார்கள், பெரும்பாலும் சொத்துப் பிரச்சினையோடு.

இவர்கள் சொத்துக்காக வரவில்லை. கேட்டு வந்தவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. அவருடைய பூட்டனார், அதாவது தாத்தாவின் அப்பா, குடித்துக் கடன்பட்டு, நிலத்தைத் தொலைத்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளை நடுத்தெருவில் விட்டு இலங்கைக்கு ஓடிப்போனார் என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் பேச்சு. பிள்ளைகள் மூன்று. இரண்டு ஆண்பிள்ளைகள் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார்கள். மூத்தவர்தான் ஆசிரியையின் தாத்தா. மூன்றாவது பெண்பிள்ளை என்ன ஆனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

இதெல்லாம் நூறு வருஷத்துக்கு முந்தைய கதை என்று விட்டுவிட முடியாத நிலை அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று, வசூலிப்பார்கள். அந்த நோட்டில் மற்ற வகையறாக்கள் எல்லாம் பூட்டன் பெயரிலிருந்து தொடங்க, இவர்கள் மட்டும் தாத்தா பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். வாக்குவாதம் வந்தால் ‘ஓடிப்போனவன் வகையறா’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஆசிரியையின் சித்தப்பாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. “அவரு எங்க செத்தாருன்னு கூடத் தெரியாம நான் போயிறக் கூடாதும்மா” என்று அவர் சொன்ன பிறகுதான் ஆசிரியை என்னிடம் வந்தார்.

பூட்டனார் என்ன ஆனார், நிலம் எப்படிப் போயிற்று, அந்தப் பெண்பிள்ளை எங்கே போனாள். இந்த மூன்றையும்தான் தேட வேண்டியிருந்தது.

குடும்பத்தாரிடம் இருந்தது

காகிதம் ஒன்றுகூட இல்லை. பூட்டனாரின் பெயர் தெரியும். ஆனால் அது குலதெய்வத்தின் பெயர். அந்தப் பக்கத்தில் ஒரே தெருவில் அதே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், பட்டப்பெயரைச் சொன்னால்தான் ஆள் தெரியும். அந்தப் பட்டப்பெயரை எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள். பூட்டியின், அதாவது அவர் மனைவியின், பெயரும் பிறந்த ஊரும் தெரியும். பெண்பிள்ளையின் பெயர் தெரியாது. தாத்தா ‘பாப்பா’ என்றுதான் சொல்லுவாராம்.

கதைகளுக்குக் குறைவில்லை. இலங்கைக் கதை ஒன்று. ரேகைச் சட்டத்துக்குப் பயந்து தலைமறைவானார் என்பது இன்னொன்று. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் பிரமலைக் கள்ளர் ஊர்களை என்ன பாடு படுத்தியது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும், ராத்திரியில் போலீஸ் கண்ணில் பட வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் அது நீங்கியது. அதனால் இந்தக் கதையை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது.

மூன்றாவது கதையைச் சொன்னவர் ஆசிரியையின் தம்பி. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது போலீஸ் சுட்டதில் பூட்டனார் இறந்தார் என்றார். இதைச் சரிபார்ப்பது எளிது. அன்று மாயக்காள் உட்பட இறந்த 16 பேரின் பெயர்களும் பதிவாகியிருக்கின்றன. அதில் பூட்டனார் இல்லை. தம்பிக்கு ஏமாற்றம். ஓடிப்போனவரின் பேரனாக இருப்பதைவிடச் சுடப்பட்டவரின் பேரனாக இருக்கலாம் என்று ஒரு மனிதர் ஏங்கும் அளவுக்கு அந்தப் பட்டப்பேச்சு அவரைக் குத்தியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு இந்த வேலையை அரைகுறையாக விடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிடைத்ததும் கிடைக்காததும்

ஆசிரியையின் மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறார். அங்கே 72 வருஷம் கழிந்ததும் கணக்கெடுப்புப் படிவங்களை வீடு வாரியாக, பெயர் வாரியாகத் திறந்து விடுகிறார்கள். 1950-ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022-ல் வெளிவந்தன. இங்கிலாந்தில் 100 வருஷம், 1921 படிவங்களும் 2022-ல் வந்தன. “நம்ம ஊர் 1921 படிவத்தை எங்கே பார்க்கலாம்?” என்று அவர் கேட்டதில் தப்பில்லை.

இங்கே அப்படிப் பார்க்க வழியில்லை. 1921 மார்ச் 18 அன்று கணக்கெடுத்தபோதும் வீடு வீடாகத்தான் எழுதினார்கள். எண்ணிக்கையைக் கூட்டி அட்டவணைகளை அச்சிட்ட பிறகு படிவங்களை வைத்துக்கொள்ளவில்லை. பிற்காலத்துப் படிவங்களுக்கு 1948-ஆம் ஆண்டு கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது: யாரும் பார்க்கவும் முடியாது, கோர்ட்டில் சாட்சியமாகவும் ஆகாது. 1951 கணக்கெடுப்புச் சீட்டுகளைப் பார்த்து ஊர் வாரியாகக் குடிமக்கள் பதிவேடு ஒன்று எழுதினார்கள். அதில் பெயர்கள் உண்டு. இந்தக் கிராமத்துக்குரிய ஏட்டைத் தேடினோம், கிடைக்கவில்லை.

ஆனாலும் அச்சான அட்டவணைகள் ஒரு துப்பைக் கொடுத்தன. 1911-க்கும் 1921-க்கும் இடையில் இந்தியாவின் மக்கள்தொகை கூடவில்லை, சற்றுக் குறைந்தது. 1901-க்குப் பிந்தைய கணக்கெடுப்புகளில் அப்படிக் குறைந்தது அந்த ஒரு பத்தாண்டில்தான். முக்கியக் காரணம் 1918-ன் விஷக் காய்ச்சல், இன்ஃப்ளூயன்சா. சென்னை மாகாணத்தில் அது உக்கிரமாக இருந்தது 1918 அக்டோபர், நவம்பரில். பூட்டனார் காணாமல்போனதாகச் சொல்லும் காலமும் ஏறக்குறைய அதுதான். முப்பதுகளில் இருக்கும் ஆண் அந்த வருஷத்தில் ‘காணாமல்போனார்’ என்றால், இலங்கைக்கு ஆள் அனுப்பித் தேடும் முன் ஊர் இறப்புப் பதிவேட்டைப் பார்ப்பதுதான் முறை என்று முடிவெடுத்தேன்.

இறப்புப் பதிவேடு: ஒரே பெயரில் இருவர்

1899-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கிராமங்களில் பிறப்பு இறப்பை எழுதியவர் கிராம முன்சீப். அந்த ஏடுகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் சேர்ந்திருந்தன. 1918 கடைசி மாதங்களுக்கான பக்கங்களைப் புரட்டியபோது கை நடுங்கியது. மற்ற மாதங்களில் ஒரு பக்கத்தில் அடங்கும் ஊர், அந்த மாதங்களில் பக்கம் பக்கமாக ஓடுகிறது. காரணம் எழுதும் கட்டத்தில் காய்ச்சல், அதற்குக் கீழே மேற்படி, அதற்குக் கீழும் மேற்படி. சில வீடுகளில் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று பேர்.

பூட்டனாரின் பெயரில் இரண்டு பதிவுகள் இருந்தன. ஒருவருக்கு வயது 35, இன்னொருவருக்கு 40. ஒருவருக்கு மட்டும் பட்டப்பெயரும் சேர்த்து எழுதியிருந்தது, இருவருக்கும் தகப்பன் பெயர் இல்லை. அந்தக் காலத்தில் வயது என்பது பார்த்து மதிப்பிட்டது, அதை வைத்து ஆளைத் தீர்மானிக்க முடியாது. இவர்தான் என்று சொல்லிவிடலாம் என்ற ஆசை குடும்பத்தாருக்கு இருந்தது. வேறொரு காகிதம் வந்து இருவரில் ஒருவரைக் காட்டும் வரை யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டேன். அவரும் சொல்லவில்லை.

பெயரை விட்டு நிலத்தைப் பிடித்தது

அடுத்த முடிவுதான் இந்தத் தேடலைத் திருப்பியது. ஏழைப்பட்டவர் தம் பெயரில் காகிதம் எழுதிவைப்பதில்லை. அவரிடம் வசூலிக்க வந்தவர்தான் எழுதிவைப்பார்: தீர்வை வாங்கிய சர்க்கார், கடன் கொடுத்தவர், ஜப்தி செய்த கோர்ட். ஆகவே பூட்டனாரைத் தேடுவதை நிறுத்திவிட்டு, அவர் நிலத்தை வாங்கியவரைத் தேடலாம் என்றேன்.

நிலம் எது என்பது ஊருக்கே தெரியும். கைமாறி நூறு வருஷம் ஆன பிறகும் அந்தப் புஞ்சைக்குப் பூட்டனார் வீட்டுப் பெயர்தான் வழங்குகிறது. இன்றைய சர்வே எண்ணை எடுத்து, வருவாய்த் துறையின் நில ஏடுகளான அ பதிவேட்டிலும் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டிலும் பின்னோக்கிப் போய்ப் பழைய எண்ணைக் கண்டுபிடித்தோம். இணையத்தில் வரும் வில்லங்கச் சான்று அவ்வளவு பின்னோக்கிப் போகாது. அதற்கு முந்தையது கையால் தேடுவதுதான். பதிவு அலுவலகத்தில் ஆள் பெயர் வாரியாக ஓர் அட்டவணை, சொத்து வாரியாக ஓர் அட்டவணை என்று இரண்டு உண்டு. சொத்து அட்டவணையைக் கேட்டு மனுப் போட்டோம். பதிவுச் சட்டத்தின் 57-ஆவது பிரிவுப்படி, நிலப் பத்திரங்கள் பதிவாகும் முதலாம் புத்தகத்தைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். சொத்துக்குச் சம்பந்தமில்லாதவர் பார்க்கக் கூடாது என்று பலர் நினைத்துக்கொண்டு அலுவலக வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள்.

அதே புஞ்சைக்கு இரண்டு பதிவுகள் கிடைத்தன.

முதலாவது 1915-ல் எழுதிய அடமானப் பத்திரம். 200 ரூபாய்க் கடன். உழவு மாடு வாங்கவும் முந்தைய கைக்கடனை அடைக்கவும் என்று காரணம் எழுதியிருந்தது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘இன்னார் என்கிற இன்னார் கீறல்’ என்று இருந்தது, எழுதத் தெரியாதவர் போடும் கோடு அது. பட்டப்பெயர் கிடைத்துவிட்டது. இறப்புப் பதிவேட்டில் பட்டப்பெயரோடு இருந்த அந்த 35 வயதுக்காரரின் பெயரும் இதுவேதான்.

குடித்துத் தொலைத்தார் என்ற பேச்சுக்கு இந்த மாட்டுக் கணக்கு பதிலாகுமா என்று ஆசிரியை கேட்டார். ஆகாது என்றேன். தகப்பன் கடன் மகன்களையும் கட்டுப்படுத்த வேண்டும் என்பதால், ஒழுங்கான குடும்பச் செலவு ஒன்றைக் காரணமாக எழுதுவது எங்கள் தொழிலில் வழக்கமான வரி. மாடு வாங்கினாரா என்பது அந்தக் காகிதத்துக்குத் தெரியாது. குடித்தார் என்பதற்கும் ஊர்வாயைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

இரண்டாவது பதிவு 1923-ஆம் ஆண்டின் கோர்ட் விற்பனைச் சான்று. கோர்ட் ஏலத்தில் நிலம் விற்றால், சான்றின் நகலைக் கோர்ட்டே பதிவு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், அதை முதலாம் புத்தகத்தில் கோத்து வைப்பார்கள். பதிவுச் சட்டம் 89-ஆவது பிரிவு. கோர்ட்டில் கட்டு அழிந்துபோனாலும் இங்கே நகல் இருக்கும். பழைய வழக்கைத் தேடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

அந்த ஒரு தாளில் வழக்கு எண், வருஷம், கோர்ட், ஏலத் தொகை எல்லாம் இருந்தன. கடன் கொடுத்தவரே ஏலம் எடுத்திருக்கிறார். பிரதிவாதிகள் இருவர்: இறந்துபோன இன்னார் மகன்கள், மைனர்கள், வயது 11, 8. கார்டியன் தாய்மாமன்.

கணக்கெடுப்பு எண்ணிவிட்டுத் தூக்கிப்போட்ட பெயர்களைக் கடன் கொடுத்தவர் வயதோடு பத்திரமாக வைத்திருந்தார். அவருக்கு அந்தப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். அவர்கள் பெயரைச் சேர்க்காவிட்டால் டிக்ரி, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணை, செல்லாது.

கோர்ட்டில்

வழக்கு எண்ணோடு அந்த முன்சீப் கோர்ட்டுக்கு மூன்றாம் நபர் நகல் மனுப் போட்டோம். பிராது, வாக்குமூலங்கள் அடங்கிய கட்டு விதிப்படி எப்போதோ அழிக்கப்பட்டிருந்தது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கட்டுகளுக்கு ஆயுள் உண்டு, தீர்ப்புகளையும் வழக்குப் பதிவேட்டையும் நிரந்தரமாக வைப்பார்கள். பிரதிவாதி தரப்பில் யாரும் ஆஜராகாததால் ஒருதலையாக எழுதிய தீர்ப்பு அது, ஒரு பக்கம்கூட இல்லை.

1920-ல் தொடுத்த அந்த வழக்கில் கார்டியனாக இருந்தவர் பூட்டி. 1923 விற்பனைச் சான்றில் கார்டியன் தாய்மாமன். நடுவில் பூட்டிக்கு என்ன ஆயிற்று?

இன்னொன்றும் கவனித்தோம். பெண்பிள்ளை எந்தத் தாளிலும் இல்லை. அதில் வியப்பில்லை. அன்றைய இந்து சட்டப்படி கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு கிடையாது, மகன்கள் இருக்கும்போது விதவைக்கும் கிடையாது. விதவை நிலைமை 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கொஞ்சம் மாறியது. பங்கில்லாதவர்மேல் வழக்குப் போட வேண்டியதில்லை, வழக்கில்லாதவர் பெயர் ஏட்டில் ஏறுவதில்லை. பூட்டியும் கார்டியன் என்பதால்தான் காகிதத்தில் வந்தார்.

கடன் கொடுத்தவர் வீட்டில்

கோர்ட்டில் அழிந்த காகிதம் வென்றவர் வீட்டில் இருக்கலாம். டிக்ரி வாங்கியவர்கள் கட்டைத் தூக்கிப் போடமாட்டார்கள். ஆனால் அங்கே போகும் முன் ஒரு விஷயத்தைத் தீர்த்தாக வேண்டியிருந்தது. ஆசிரியையின் தம்பி, இவ்வளவு ஆதாரம் கிடைத்த பிறகு நிலத்தைக் கேட்டு வழக்குப் போடலாமா என்று பேச ஆரம்பித்திருந்தார். முறையாக நடந்த கோர்ட் ஏலம், காலவரையறை கடந்து எத்தனையோ பத்தாண்டு, கைமாறி வாங்கியவர்களில் சொந்தப் பங்காளிகளும் உண்டு. சட்டப்படி வழியில்லை, முறைப்படியும் சரியில்லை என்று சொன்னேன். வழக்கு என்ற பேச்சு எழுந்தால் நான் விலகிக்கொள்வேன் என்றும் சொன்னேன். சித்தப்பா தம்பியைக் கூப்பிட்டுப் பேசினார். எங்களுக்கு நிலத்தில் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் தயாரித்தார்கள்.

அந்தக் கடிதத்தோடுதான் மதுரையில் இருக்கும் கடன் கொடுத்தவர் வம்சத்து வீட்டுக்குப் போனோம். வீட்டுப் பெரியவர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். உள்ளே போய் மரப்பெட்டியிலிருந்து ஒரு கட்டை எடுத்து வந்து, “பாருங்கம்மா, எங்களுக்கு இது படிக்கவே தெரியல” என்று ஆசிரியை கையில் கொடுத்தார்.

சணல் கயிறு இறுகி, தாள் ஓரங்களில் வெட்டுப்பட்டிருந்தது. டிக்ரி நகல், ஏல அறிவிப்பு, தண்டோராப் போட்டதற்கான கணக்கு. நடுவில் அரைத்தாளில் ஓர் அபிடவிட், கோர்ட் கட்டண வில்லை ஒட்டியது. மை பழுப்பேறி, மடிப்பில் ஒரு வரி முழுவதும் பூச்சி தின்றிருந்தது. மீதியைப் படிக்க முடிந்தது. கடன் கொடுத்தவரின் குமாஸ்தா சத்தியம் செய்து சொல்கிறார்: மைனர்களின் தாயார் தம் பெண் குழந்தையோடு, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஒருவர் மூலம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டார், மைனர்களைத் தாய்மாமன் வளர்த்து வருகிறார், ஆகவே அவரைக் கார்டியனாக நியமிக்க வேண்டும்.

இலங்கைக்குப் போனது பூட்டனார் அல்ல, பூட்டி. பூட்டனார் அதற்கு முன்பே காய்ச்சலில் இறந்து, ஊரிலேயே அடக்கமாகியிருந்தார்.

ஆசிரியை கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு அந்தத் தாளைப் படமெடுக்க அனுமதி கேட்டார்.

தாய்மாமன் வீட்டில்

இதைச் சித்தப்பாவிடம் அப்படியே கொண்டுபோய்ச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இருந்தது. நூறு வருஷமாக ஒருவர் தலையில் இருந்த பழியை எடுத்து இன்னொருவர் தலையில் வைப்பதாக ஆகிவிடும். தாய்மாமன் வழியில் ஏதாவது தெரியுமா என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று முடிவு செய்தோம். இரண்டு தலைமுறைக்கு முன் ஒரு கல்யாணச் சீர் விவகாரத்தில் முறிந்து, அந்த வீட்டோடு போக்குவரத்தே இல்லாமல் போயிருந்தது. ஆசிரியை வெற்றிலை பாக்கு பழத்தோடு போனார்.

அங்கே ஒரு வயதான அம்மா, தாய்மாமனின் பேத்தி, ‘கண்டி அப்பத்தா’ என்று எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் சொன்னார். அந்த வீட்டில் அது ரகசியமே இல்லை. யாரும் வந்து கேட்டதில்லை, அவ்வளவுதான். கணக்கு நோட்டுக்குள் மூன்று மணியார்டர் கூப்பன்கள் இருந்தன. பணம் பெறுகிறவர் கிழித்து வைத்துக்கொள்ளும் அடித்துண்டு. அஞ்சல் முத்திரையில் ஹட்டன் என்ற ஊர்ப்பெயரை ஒன்றில் தெளிவாகப் படிக்க முடிந்தது. தொகை ஒவ்வொன்றிலும் 5 ரூபாய். எழுதியது வேறு யாரோ, பூட்டிக்கு எழுதத் தெரியாது. பையன்களுக்கு வேட்டி எடுத்துக் கொடுக்கச் சொல்லி ஒன்றில் இருக்கிறது. இன்னொன்றில் பாப்பா சுகம் என்பதோடு அவள் பெயரும் இருக்கிறது. தாத்தா சாகும்வரை பாப்பா என்றே சொல்லிக்கொண்டிருந்த தங்கையின் பெயரை அவர் பேத்தி அன்றுதான் படித்தார்.

தோட்டத்தில் கொழுந்து பறித்த ஒரு பெண்ணுக்கு 5 ரூபாய் சின்னத் தொகை இல்லை. அங்கே கங்காணி முன்பணமாகக் கொடுத்தது கடனாக ஏறும், சாப்பாட்டு அரிசி கணக்கில் ஏறும். அதெல்லாம் போகத்தான் மிச்சம்.

மகளைத் தேடி

இந்தப் பகுதி முடியவில்லை. 1939-ல் உடலுழைப்புக்காக இலங்கை செல்வதை இந்திய அரசு தடுத்தது. 1948-ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றானது. அவர்களில் பெரும்பாலோர் தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாம் வழியாகப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். தாயகம் திரும்பியவர்களின் காகிதங்களில் இந்தியாவில் பூர்வீக ஊர் எது என்பது எழுதப்பட்டிருக்கும். அதனால் ஊர்ப் பெயரைக் கொண்டு, நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் தெரிந்தவர்கள் மூலம் விசாரித்தோம்.

ஒரு குடும்பம் கிடைத்தது. மறைந்துவிட்ட அந்த வீட்டுப் பாட்டியின் பெயர் கூப்பனில் உள்ள பெயர்தான். பூர்வீக ஊர் பொருந்துகிறது, அவருடைய தாயார் பெயரும் பொருந்துகிறது. தகப்பன் பெயர் பொருந்தவில்லை. பூட்டி அங்கே மறுமணம் செய்திருந்து, மாற்றுத் தகப்பன் பெயர் ஏறியிருக்கலாம். வேறு குடும்பமாகவும் இருக்கலாம். ‘பெரும்பாலும் இவர்களே, உறுதியில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். டிஎன்ஏ சோதனை பற்றிப் பேச்சு வந்தது. ஒன்றுவிட்ட உறவு இத்தனை தலைமுறை தள்ளி இருந்தாலும் ஓரளவு காட்டும். அந்தக் குடும்பம் வேண்டாம் என்றது, அதற்கு மேல் கேட்கவில்லை. ஊருக்கு வரும்படி அழைத்ததற்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

குடும்பத்தாரிடம் சொன்ன விதமும் பிறகு நடந்ததும்

சித்தப்பாவிடம் தனியாக, தேதி வரிசையில் சொன்னோம். 1915 கடன். 1918 காய்ச்சல், மரணம். 1920 வழக்கு. வீட்டுக்காரரும் இல்லை, நிலமும் ஜப்தியில், மூன்று குழந்தைகள். மாடு மேய்க்கும் வயதுப் பையன்களுக்கு மாமன் வீட்டில் கஞ்சி கிடைக்கும், கைக்குழந்தையோடு ஒரு விதவைக்கும் சேர்த்துக் கிடைக்குமா என்பது அந்தக் காலத்தில் பெரிய கேள்வி. அப்புறம் இலங்கை. அதைச் சொன்ன கையோடு கூப்பன்களை அவர் மடியில் வைத்தோம்.

“அப்ப ஓடிப்போனது பூட்டியா?” என்று தம்பி கேட்டார். சித்தப்பா கோபப்பட்டார். “பணம் அனுப்புனவளை ஓடிப்போனவன்னு சொல்லாதடா” என்றார்.

இலங்கைக்குப் போனவர் ஆண் என்று கதை ஏன் மாறியது என்பதற்குக் காகிதத்தில் விடை கிடையாது. விதவை ஒருத்தி தனியாகக் கடல் கடந்தாள் என்று சொல்வதைவிட ஆண் ஓடிப்போனான் என்று சொல்வது அன்றைய குடும்பத்துக்கு லேசாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அவருடைய பையன்களைக் காப்பாற்ற மாமன் வீட்டாரே அப்படிச் சொல்லத் தொடங்கியிருக்கலாம்.

பங்காளிகள் கூட்டத்தில் இறப்புப் பதிவு நகலையும் அடமானப் பத்திர நகலையும் வைத்தார்கள். நிலத்தை இப்போது வைத்திருக்கும் வகையறா முதலில் எதிர்த்தது, கோர்ட் காகிதம் என்றதும் பயம். கோரிக்கை இல்லை என்ற கடிதத்தைப் படித்த பிறகு அடங்கினார்கள். தலைக்கட்டு நோட்டில் பூட்டனார் பெயரைப் பட்டப்பெயரோடு, இறந்த ஆண்டு 1918 என்று எழுதினார்கள். பூட்டியின் பெயரையும் எழுதக் கேட்டார் ஆசிரியை. நோட்டில் பெண்கள் பெயர் எழுதும் வழக்கம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். அவர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். மாமன் வீட்டோடு போக்குவரத்து மறுபடி தொடங்கியிருக்கிறது.

இனி வேறு விதமாகச் செய்ய வேண்டியவை

இதே மாதிரி ஒரு குடும்பம் வந்தால் தாய்மாமன் வழி வீட்டை முதல் வாரத்திலேயே பார்க்கச் சொல்வேன், அதிலும் அந்த வீட்டுப் பெண்களை. ஏடுகளில் இல்லாத மகள்களும் தாய்களும் அங்கேதான் பேச்சில் இருப்பார்கள். உறவு முறிந்திருந்தால் அதைச் சரிசெய்வதையும் தேடலின் வேலையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நிலத்தில் கோரிக்கை இல்லை என்ற கடிதத்தைத் தொடக்கத்திலேயே எழுதி வாங்கிவிடுவது நல்லது. பாதி வழியில் கேட்டால் சந்தேகம் வருகிறது.

ஒவ்வொரு விவரத்துக்கும் உறுதி, பெரும்பாலும், கேள்வி என்று மூன்றில் ஒன்றைக் குறித்து வைக்கும் பழக்கம் இந்தத் தேடலில் நடுவில்தான் வந்தது. முதல் நாளிலிருந்தே வேண்டும். 1918 மரணம் உறுதி. இலங்கைப் பயணம் உறுதி. நீலகிரிக் குடும்பம் பெரும்பாலும். குடி என்பது கேள்வி. கோப்பு மூன்று பிரதியாக இப்போது ஆசிரியையிடமும் சித்தப்பாவிடமும் மாமன் வீட்டிலும் இருக்கிறது. நீலகிரிக் குடும்பம் ஊருக்கு வந்ததும் நான்காவது பிரதி அவர்களுக்கு.